மூன்றரை மாதக் குழந்தையின் கன்னத்தில் ஒரு கண்டல்: மலையக வைத்தியர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: நுவரெலியா மாவட்டத்தில், தோட்டங்களுக்கு நடுவே உள்ள பிரதேச வைத்தியசாலையொன்றில் பத்து மாதங்களாகக் கடமையாற்றும் வைத்திய அதிகாரி நான். சென்ற வாரம் மூன்றரை மாதக் குழந்தையொன்றைச் சளி என்று அதன் அப்பாயி தூக்கி வந்தார். இடது கன்னத்திலும் காதின் மேல்விளிம்பிலும் நீலம் பாய்ந்திருந்தது. விசாரித்தபோது, தொட்டில் சேலையிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார். குழந்தை சிரித்துக்கொண்டிருந்ததால் பாணி மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டுமா? தவறாகச் சந்தேகித்தால் ஏழைக் குடும்பமொன்று பொலிஸ், நீதிமன்றம் என்று அலைய நேருமே? இங்கு குழந்தை நல நிபுணரும் இல்லை, சட்ட வைத்திய அதிகாரியும் இல்லை. எங்கள் தாதியருக்கும் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் சுற்றியுள்ள தோட்ட வைத்திய உதவியாளர்களுக்கும் இதில் பயிற்சி கொடுப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள வைத்தியருக்கு,

இத்தகைய கடிதம் பதில் அச்சாகும் வரை காத்திருக்கக் கூடாது என்பதால், கிடைத்த அன்றே தொலைபேசியில் உங்களுடன் பேசினேன். மறுநாள் காலை குடும்ப நல உத்தியோகத்தர் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) சென்று, குழந்தையை மறுபடியும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று சொல்லித் தாயையும் அப்பாயியையும் அழைத்து வந்ததும், குழந்தை இப்போது நிபுணர்கள் உள்ள வைத்தியசாலையொன்றில் இருப்பதும் உங்களுக்குத் தெரிந்தவையே. அங்கு என்ன தெரியவந்தது என்பதை இங்கு எழுத மாட்டேன். அது அந்தக் குடும்பத்துக்கு உரியது. உங்கள் கடிதத்திலும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே கேள்வியோடு உறக்கமின்றிக் கிடப்பவர்கள் மலையகத்தில் வேறும் பலர் இருப்பார்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சந்தேகப்பட்டிருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். ஆம், பட்டிருக்க வேண்டும். உங்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரியில் இதற்கு நமக்குக் கிடைத்த நேரம் எவ்வளவு என்பது எனக்கும் தெரியும். ஆனால் மூன்றரை மாதக் குழந்தை புரளக்கூடத் தொடங்காத குழந்தை. தானாக எதன் மீதும் போய் மோத அதனால் முடியாது. 1999 இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், சுகமாக இருக்கும் குழந்தைகளின் வழக்கமான பரிசோதனைக்கு வந்த 973 பேரின் உடலைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த 366 குழந்தைகளில் கண்டல், அதாவது அடிபட்டு நீலம் பாய்ந்த இடம், இருந்தது 2 பேருக்கு மட்டுமே. நடக்கத் தொடங்கிவிட்டவர்களிலோ பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு இருந்தது. அதாவது, இரண்டு வயதுக் குழந்தையின் முழங்காலிலும் நெற்றியிலும் உள்ள கண்டல் அது ஓடி விளையாடுகிறது என்பதற்கு அடையாளம். மூன்று மாதக் குழந்தையின் கன்னத்தில் உள்ள கண்டலோ விளக்கம் கேட்கும் கண்டல்.

எந்த இடத்தில் கண்டல் இருக்கிறது என்பதும் பேசும். நான்கு வயதுக்குக் குறைந்தவர்களில் நெஞ்சு, வயிறு, முதுகு ஆகிய உடற்பகுதி, காது, கழுத்து, தாடை மூலை, கன்னத்தின் சதைப்பகுதி, கண்ணிமை, கண்ணின் வெள்ளைப்பகுதி ஆகியவற்றில் உள்ள கண்டலும், மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் மெல்லிய சவ்வின் கிழிசலும், விரல், பெல்ட், வயர் போன்ற ஏதோவொன்றின் வடிவத்தை அப்படியே காட்டும் தழும்பும் எச்சரிக்கைக்குரியவை. ஐந்து மாதம் நிறையாத குழந்தையிலோ உடலின் எந்த இடத்தில் உள்ள எந்தக் கண்டலும் எச்சரிக்கைதான். அமெரிக்காவின் ஐந்து சிறுவர் வைத்தியசாலைகளில் கண்டலோடு வந்த 2,161 குழந்தைகளை வைத்து இந்த விதி சோதிக்கப்பட்டு 2021 இல் வெளியானது. துன்புறுத்தப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 95 பேரை அது பிடித்துக் கொடுத்தது, விபத்தில் அடிபட்டவர்களில் நூற்றுக்கு 87 பேரைச் சரியாக விட்டுவிட்டது. மிஞ்சிய 13 பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விதி சந்தேகத்தை எழுப்பித் தரும். தீர்ப்பு சொல்வது அதன் வேலை இல்லை.

தொட்டில் சேலைக் கதைக்கு வருகிறேன். சேலைத் தொட்டிலிலிருந்து குழந்தைகள் விழுவது உண்மை. அவிழ்ந்த முடிச்சால் நெற்றியில் முட்டையளவு வீக்கத்தோடு வந்த குழந்தைகளை நானே பார்த்திருக்கிறேன். சிமெந்துத் தரையில் விழுந்தால் மண்டையோட்டில் நேர்கோடாக ஒரு வெடிப்புக்கூட ஏற்படலாம். ஆனால் அப்படி விழும்போது தலையில் புடைத்துக்கொண்டு நிற்கும் பகுதிதான் தரையில் படும். காதின் மேல்விளிம்பு தலையோடு ஒட்டி மறைந்திருக்கும், கன்னத்தில் கொழுப்பு மெத்தையிருக்கும். ஒரே விழுகையில் கன்னமும் காதும் கன்றுவது எளிதில் நடப்பதில்லை. சொல்லப்படும் காரணமும் காயமும் பொருந்துகின்றனவா என்ற இந்த ஒரு கேள்விதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. எந்த உயரத்திலிருந்து, எதன் மீது, யார் பார்த்தார்கள், விழுந்தவுடன் அழுததா, பிறகு பால் குடித்ததா என்று நிதானமாகக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டால் பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அதே கண்ணால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பிறக்கும்போதே இடுப்பின் பின்புறத்திலும் புட்டத்திலும் சாம்பல் கலந்த நீலப் படலம் இருக்கும்; அது அழுத்தினால் வலிக்காது, நாட்கணக்கில் நிறம் மாறாது. குடும்ப நல உத்தியோகத்தர் முதற் சந்திப்பிலேயே அதைக் குழந்தையின் சுகாதார அட்டையில் படம்போட்டுக் குறித்து வைத்தால், பின்னாளில் ஒரு தகப்பன் பொலிஸ் நிலையப் படியேற வேண்டியிராது. நுவரெலியாவின் பனியில் வெடித்துச் சிவந்த கன்னத்தைப் பதுளைப் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்த தாதி அடிபட்ட கன்னமாக நினைத்ததும் உண்டு. கொப்பளித்துக் காய்ந்த தோல்புண் சிகரட் சூடு போலத் தோன்றும். இரத்தம் உறையாமைக் குறைபாடு, இரத்தத் தட்டுகள் குறைதல், டெங்கு, இரத்தப் புற்றுநோய் ஆகியவையும் காரணமில்லாத கண்டலாக வெளிப்படும். ஆகவே முழு இரத்தப் பரிசோதனையும் இரத்தம் உறையும் நேரமும் பாராமல் யாரும் முடிவுக்கு வரக்கூடாது. கருமையான தோலில் கண்டல் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சன்னலோரம், பகல் வெளிச்சத்தில், உடைகளை முழுவதும் களைந்து, காதின் பின்புறம் உட்படப் பார்க்க வேண்டும். குளிருக்காக மூன்று அடுக்குக் கம்பளி உடுத்தி வரும் குழந்தையை அப்படியே மடியில் வைத்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை நுழைத்துப் பார்த்து அனுப்புவதுதான் நமது வெளிநோயாளர் பிரிவின் வழக்கம். எத்தனை கண்டல்கள் அந்தக் கம்பளிக்குள்ளேயே திரும்பிப் போயிருக்கும் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

சிறிய காயம்தானே என்று விட்டுவிடுவதன் விலை என்ன என்பதற்கும் கணக்கு உண்டு. 2013 இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலிருந்து வெளிவந்த ஆய்வில், துன்புறுத்தப்பட்டது உறுதியான 200 கைக்குழந்தைகளில் 55 பேருக்கு அதற்கு முன்பே ஒரு சிறு காயம் இருந்திருந்தது. அவற்றில் பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை ஒரு மருத்துவப் பணியாளருக்குத் தெரிந்தே இருந்தவை. 1999 இல் அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து வந்த இன்னோர் ஆய்வில், அடித்தோ குலுக்கியோ தலையில் காயப்படுத்தப்பட்ட 173 குழந்தைகளில் 54 பேரை முதலில் பார்த்த வைத்தியர்கள் வேறு நோய் என்று நினைத்து அனுப்பியிருந்தார்கள். யாரைத் தவறவிட்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது: தாயும் தகப்பனும் சேர்ந்து வாழ்ந்த வெள்ளையினக் குடும்பங்களின் குழந்தைகளையே அதிகமாகத் தவறவிட்டார்கள். நம் ஊருக்கு இதை மாற்றிப் படித்தால், லயத்துக் குழந்தையைப் பார்க்கும்போது எழும் சந்தேகம், ஆசிரியரின் பிள்ளையையோ பங்களாவிலிருந்து வாகனத்தில் வரும் பிள்ளையையோ பார்க்கும்போது எழுவதில்லை என்பதாகும். வறுமையைக் குற்றமாகப் படிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு; படித்த குடும்பத்தின் சரளமான பேச்சை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு.

பாடநூல்கள் 'தாமதமாகக் கொண்டுவருதல்' என்பதை அபாய அறிகுறியாகச் சொல்கின்றன. மலையகத்தில் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. காலையில் கொழுந்துக்குப் போகாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அன்றைய பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) போய்விடும், மத்தியானம் வந்தால் அரைப் பேர்தான் விழும். மேல் டிவிசனிலிருந்து பிரதான வீதிக்கு வர முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணம் அந்த வீட்டின் இரண்டு நாள் செலவு. ஆகவே 'ஏன் பிந்தினீர்கள்' என்று அதட்டாமல், 'எப்படி வந்தீர்கள், யார் வேலைக்குப் போகவில்லை' என்று கேளுங்கள். அந்தப் பதிலும் பொருந்தாதபோதுதான் தாமதம் சந்தேகத்துக்குரியதாகிறது.

தவறாகச் சந்தேகித்தால் என்ன செய்வது என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் சந்தேகிப்பதும் குற்றஞ்சாட்டுவதும் ஒன்றாகிவிட்டதால்தான் அந்தப் பயம் வருகிறது. யார் செய்தார் என்பது உங்கள் கேள்வியே அல்ல. அது பொலிஸாருக்கும் நீதவானுக்கும் உரிய கேள்வி. குழந்தையை வைத்தியசாலையில் அனுமதிப்பதே முதற் பாதுகாப்பு. அதை அப்பாயியிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறுவீர்கள். நான் பல வருடங்களாகச் சொல்லிவரும் வாக்கியம் இதுதான்: "பாட்டி, இந்த வயசுப் பிள்ளைக்கு இப்படி நீலம் பாஞ்சிருந்தா, காரணம் என்னவா இருந்தாலும் நாங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் பார்க்கிறது. யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் அப்படித்தான். இரத்தத்தில ஏதும் குறை இருந்தாலும் இப்படி வரும், தலைக்குள்ள அடி இருந்தாலும் வெளியில தெரியாது." இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. அங்கே, இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையென்றால் உடல் முழுவதற்குமான எலும்பு எக்ஸ்ரே, தலை ஸ்கான், கண்ணின் விழித்திரைப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றை நிபுணர்கள் தீர்மானிப்பார்கள். புதிய விலா முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மறுபடியும் எடுப்பார்கள். தவறான சந்தேகத்தையும் இந்த முறைதான் திருத்துகிறது. காரணம் இரத்த நோயாக இருந்தால், அதைக் கண்டுபிடித்துக் குடும்பத்தின் மீதான சந்தேகத்தை நீக்குவதும் இதே வழிதான்.

இனி எழுதுவது பற்றி. என் முதல் நியமனத்தின்போது, மலையகத்தின் சிறிய வைத்தியசாலையொன்றுக்குக் கால்களில் சுடுநீர்க் காயத்தோடு ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். நான் பெட் ஹெட் டிக்கெட்டில் (நோயாளியின் வைத்தியசாலைக் குறிப்பேட்டில்) எழுதியது நான்கே சொற்கள்: 'இரு கால்களிலும் சுடுநீர்க் காயம்'. மருந்து கட்டி மேலிடத்துக்கு அனுப்பினேன். நான்கு வருடங்களுக்குப் பிறகு மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி கேட்டார்: காயத்தின் மேல் எல்லை நேர்கோடாக இருந்ததா, ஒழுங்கற்று இருந்ததா? உள்ளங்கால் வெந்திருந்ததா? முழங்காலின் பின் மடிப்பு வேகாமல் தப்பியிருந்ததா? எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. கேத்தல் கவிழ்ந்து கொட்டிய நீர், விழுந்த இடத்தில் ஆழமாகவும் வழிந்த திசையில் ஆழம் குறைந்தும் ஒழுங்கற்ற ஓரங்களோடும் சுடும். வாளிக்குள் கால்களை அமிழ்த்திப் பிடித்திருந்தால் காலுறை போட்டதுபோல இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் தெளிவான கோடு விழும். தரையில் அடுப்பு வைத்துச் சமைக்கும் லயக் காம்பராவில் முதல் வகை விபத்து அடிக்கடி நடப்பது. இரண்டாவது விபத்தே அல்ல. இரண்டில் எது என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதன் நான்தான், நானோ நான்கு சொற்களோடு நின்றிருந்தேன்.

ஆகவே ஒரு மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்த தாளை வெளிநோயாளர் பிரிவின் மேசையிலேயே கட்டாக வையுங்கள். காயத்தின் இடம், சென்ரிமீற்றரில் அளவு, வடிவம், நிறம் ஆகியவற்றை அதில் குறியுங்கள். நிறத்தை எழுதலாம், நிறத்தை வைத்து 'மூன்று நாளான காயம்' என்று வயது எழுதாதீர்கள், அதற்கு அறிவியல் ஆதாரமில்லை. படம் எடுப்பதாயின் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, வைத்தியசாலையின் கமராவில் எடுத்து, கோப்போடு பூட்டி வையுங்கள். சொந்தத் தொலைபேசியில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் 'இது என்ன சேர்' என்று போடுவது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. அந்தப் படம் எத்தனை தொலைபேசிகளின் கலரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதை அந்தக் குழந்தை வளர்ந்து கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

பேசத் தெரிந்த குழந்தையாயின், அதன் சொல்லை அதன் மொழியிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். மலையகத்தில் இது வெறும் நடைமுறை விடயம் அல்ல. ஐந்து வயதுச் சிறுமியொருத்தி 'மாமா' என்று சொன்னாள். மொழிபெயர்க்கத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள்; சிங்கள வாக்குமூலத்தில் அது 'தாயின் சகோதரன்' ஆயிற்று. தாய்மாமன் இரண்டு நாள் உள்ளே இருந்தார். சிறுமி சொன்னதோ இரண்டு காம்பரா தள்ளியிருந்த அயல்வீட்டுக்காரரை. நம் பிள்ளைகளுக்குத் தாயின் அண்ணன் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, பக்கத்து வீட்டுக்காரரும் மாமா, சீருடையில் வருபவர்கூடப் 'பொலிஸ் மாமா'தான். 'இந்த மாமாவா' என்று ஒரு பெயரைச் சொல்லிக் கேட்காமல், 'அந்த மாமாவைப் பற்றிச் சொல்லு' என்று திறந்த கேள்வி கேட்டிருந்தால் போதும். மொழிபெயர்ப்புக்கு உறவினரையோ தோட்ட நிருவாகத்தைச் சேர்ந்தவரையோ ஒருபோதும் வைக்க வேண்டாம்; தமிழ் தெரிந்த தாதியோ, உளசமூக உத்தியோகத்தரோ போதும். நீங்கள் கேட்க வேண்டியது சிகிச்சைக்கும் உடனடிப் பாதுகாப்புக்கும் தேவையானதை மட்டுமே. விரிவான விசாரணை பயிற்சி பெற்றவர்களால் ஒருமுறை நடக்க வேண்டியது; சிறுவர் சாட்சியின் ஆரம்ப நேர்காணலை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இடமளிக்கிறது. குழந்தை ஆறு பேரிடம் ஆறு முறை சொல்ல வைக்கப்பட்டால், ஆறாவது முறை அது சொல்வதை நீதிமன்றம் நம்பாது. அதற்கு முன்பே குழந்தை பேசுவதை நிறுத்திவிடும்.

பாலியல் துஷ்பிரயோகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் தாதியர் நிச்சயம் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 'உடலில் ஒன்றுமில்லை' என்பதற்கு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று பொருளில்லை. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், கர்ப்பமுற்றிருந்த 36 வளரிளம் பெண்களைப் பரிசோதித்தபோது உடலுறவின் திட்டவட்டமான அடையாளம் தெரிந்தது இருவரில் மட்டுமே. கன்னித்தன்மை பார்க்கும் எந்தப் பரிசோதனைக்கும் மருத்துவப் பெறுமதி இல்லை என்று உலக சுகாதார அமைப்பும் ஐக்கிய நாடுகளின் வேறு நிறுவனங்களும் 2018 இல் கூட்டாக அறிவித்தன. தாயே வந்து கேட்டாலும் அதைச் செய்யாதீர்கள். 72 மணித்தியாலத்துக்குள் வந்த பிள்ளையென்றால் அது அவசர நோயாளி: எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும், பருவமடைந்தவளாயின் அவசரக் கருத்தடைக்கும், தடயச் சேகரிப்புக்கும் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. குளிப்பாட்டாமல், உடையைப் பொலித்தீனில் அல்லாமல் கடதாசிப் பையில் போட்டு, சட்ட வைத்திய அதிகாரி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் ஒருமுறை, அவர் ஒருமுறை என்று இரண்டு தடவை அந்தப் பரிசோதனை நடக்கக் கூடாது.

யாருக்கு அறிவிப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இரவு பகலாகத் தமிழிலும் இயங்குகிறது. வைத்தியசாலைப் பொலிஸ் பிரிவு இல்லாத இடத்தில், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவுக்கு அறிவிக்கலாம். பொலிஸார் தரும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்துக்குப் பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தாலோ, அவர் மீதே சந்தேகம் இருந்தாலோ, பொலிஸார் நீதவானிடம் கட்டளை பெறலாம். சிகிச்சை இவை எதற்காகவும் காத்திருக்காது. பராமரிப்பில் உள்ள பிள்ளையை வேண்டுமென்றே தாக்குவதும் புறக்கணிப்பதும் 1995 இன் திருத்தம் முதல் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ் குற்றம் என்பதை உங்கள் பணியாளர்கள் தெரிந்திருந்தால் போதும். பிரிவுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நன்னடத்தை உத்தியோகத்தரையும் முன்கூட்டியே ஒருமுறை தேநீருக்கு அழைத்துப் பழகிக்கொள்ளுங்கள். முகம் தெரியாத அதிகாரிக்கு இரவு ஒன்பது மணிக்கு யாரும் தொலைபேசி எடுப்பதில்லை.

இப்போது பயிற்சிக்கு வருவோம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு மண்டபத்தை எடுத்து, பதாகை கட்டி, பகல் சாப்பாட்டுப் பொதியோடு முடியும் ஒருநாள் செயலமர்வில் எனக்கு நம்பிக்கை குறைவு. நானே பலவற்றில் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள், சான்றிதழ் வாங்குவார்கள். ஆறு மாதம் கழித்து உண்மையான குழந்தை வரும்போது, அன்று மண்டபத்தில் இருந்தவர் விடுமுறையில் இருப்பார். அறிவைவிட இங்கு குறைவாக இருப்பது துணை. 'நான் பார்ப்பது சரிதானா' என்று கேட்க மறுமுனையில் ஒருவர் இல்லாததால்தான் நீங்களும் பாணி மருந்து கொடுத்து அனுப்பினீர்கள்.

2003 இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் சஞ்ஜீவ் அரோரா என்ற ஈரல் நோய் நிபுணர், தம்மிடம் வர நூற்றுக்கணக்கான மைல் பயணிக்க வேண்டியிருந்த நோயாளிகளுக்காக, தூரத்துக் கிராம வைத்தியர்களை வாரந்தோறும் காணொளியில் சேர்த்து, அவரவர் நோயாளியையே பாடமாக வைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். 2011 இல் 407 நோயாளிகளை வைத்துப் பார்த்தபோது, கிராமத்தில் குணமானவர்களின் விகிதமும் பல்கலைக்கழக வைத்தியசாலையில் குணமானவர்களின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அந்த முறை பிறகு பல துறைகளுக்குப் பரவியது. அதன் சிறிய வடிவம் ஒன்றை உங்களால் அடுத்த மாதமே தொடங்க முடியும்.

மாதத்தில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம். மறுமுனையில் மாவட்டத்தின் குழந்தை நல நிபுணர் ஒருவரும் சட்ட வைத்திய அதிகாரியும். உங்கள் பக்கத்தில் வைத்தியர்கள் மட்டும் உட்காரக் கூடாது. குழந்தையின் உடையைக் கழற்றி நிறை பார்ப்பவர் தாதி. லயக் காம்பராவின் உள்ளே போய்வருபவர் குடும்ப நல உத்தியோகத்தர். காலை ஆறரை மணிக்குக் குழந்தையைத் தாயிடமிருந்து கையில் வாங்குபவர் பிள்ளைக் காம்பராவின் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின்) சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். முதல் மருந்து கொடுப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். எதைக் கண்டால் யாரிடம் சொல்வது என்பது இவர்களுக்குத் தெரிந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் பெயரை மறைத்த ஒரு குழந்தையைப் பற்றிப் பேசட்டும்: உருவத் தாளில் வரைந்ததைக் காட்டட்டும், மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். துஷ்பிரயோகம் அல்ல என்று முடிந்தவற்றையும் கட்டாயம் பேசுங்கள்; பனிவெடிப்பையும் நீலப் படலத்தையும் பிரித்தறியாத கண், அடியையும் பிரித்தறியாது. தமிழில் பேசுங்கள், சட்ட வைத்திய அதிகாரிக்குச் சிங்களம்தான் வசதியென்றால் ஒருவர் இடையில் சொல்லிக் கொடுக்கட்டும். புரியாத மொழியில் கேட்டுத் தலையாட்டிய கூட்டங்கள் போதும்.

இதில் மிகக் கடினமான பகுதி குடும்ப நல உத்தியோகத்தருடையது. நீங்கள் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவீர்கள். அவர் அதே டிவிசனில், சிலவேளை அதே லயத்தின் கோடியில் குடியிருப்பவர். 'காட்டிக் கொடுத்தவள்' என்ற பெயர் விழுந்தால் மறுமாதம் எந்த வீட்டிலும் குழந்தையை நிறை பார்க்கத் தர மாட்டார்கள்; தொழிற்சங்கத் தலைவர்மார் வந்து சமாதானம் பேசச் சொல்வார்கள்; தோட்ட நிருவாகியான துரையின் காதுக்கும் போகும். அதனால் அறிவித்தல் எப்போதும் வைத்தியசாலையின் பெயரில், உங்கள் கையொப்பத்தில் போக வேண்டும். யார் முதலில் கவனித்தார் என்பது வெளியே போகும் எந்தக் கடிதத்திலும் இருக்கக் கூடாது. அச்சுறுத்தல் வந்தால், 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சாட்சிகள் பாதுகாப்புக் கோரலாம் என்பதை அவரிடம் சொல்லிவையுங்கள். அனுப்பிய குழந்தை என்னவாயிற்று என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். பல வருடங்கள் இதைச் செய்த ஒருவர் என்னிடம் குறைப்பட்டது இதை மட்டுமே: "நாங்க சொல்லி அனுப்புறோம் டொக்டர், அதுக்குப் பிறகு ஒரு வார்த்தை எங்களுக்கு யாரும் சொல்றதில்ல."

முதற் கூட்டத்துக்கு நான் தொலைபேசியில் இணைந்துகொள்கிறேன். குழந்தை நல நிபுணரிடம் பேசிவிட்டேன், சட்ட வைத்திய அதிகாரியிடம் நீங்கள் பேசுங்கள். அந்த மூன்றரை மாதக் குழந்தையைப் பற்றி அன்று பேச வேண்டாம், விசாரணை நடக்கிறது. அதற்குப் பதிலாக, கடந்த மாதம் உங்கள் வைத்தியசாலைக்குக் காயத்தோடு வந்த ஐந்து வயதுக்குக் குறைந்த எல்லாக் குழந்தைகளின் சீட்டுகளையும் பெயரை மறைத்து எடுத்து வாருங்கள். காயம் எந்த இடத்தில் என்று எத்தனை சீட்டில் எழுதியிருக்கிறது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம்.